குற்ற உணர்வுக்குப் பிஸ்கட் மருந்தல்ல

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. எங்கள் புருனோ 3 வயது ஆண் லாப்ரடார். காலை 8.30 மணியிலிருந்து மாலை 6 மணி வரை தனியாக இருக்கிறான். அந்த வருத்தத்தில் அவன் கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுக்கிறோம். பிறந்தநாளுக்குச் சட்டை தைத்துப் போட்டுக் கேக் வெட்டினோம். எடை இப்போது 42 கிலோ. ஒரு மாதமாக மந்தமாக இருக்கிறான், பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். குட்டியை வாங்கித் தந்தவரைக் கேட்டால், "ஆண் நாயை ஒருமுறையாவது இணை சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏங்கிப்போகும். நானே ஏற்பாடு செய்கிறேன். இல்லையென்றால் துணைக்கு இன்னொரு குட்டி எடுங்கள்" என்கிறார். எங்கள் அன்பு போதவில்லையா, டாக்டர்?

பதில்: அன்பு போதவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அன்பெல்லாம் தின்பண்டமாகவும் சட்டையாகவும் போய்க்கொண்டிருக்கிறது. புருனோவுக்கு வேண்டியவை வேறு. அவற்றுக்கு அதிகச் செலவும் இல்லை.

முதலில் அந்தத் தரகருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் பெண் நாயை அழைத்து வந்து உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிடக்கூடும். ஆண் நாய் ஒருமுறையாவது இணை சேர வேண்டும் என்பது முழுப் பொய். இணை சேராததால் எந்த நாயும் நோயில் விழுவதில்லை, ஏங்குவதும் இல்லை. சேர்த்தால் அடங்கிவிடும் என்பதும் நடக்காது. தெருவில் பெண் நாயின் வாசனை வந்தால் கதவைப் பிறாண்டும் பழக்கம்தான் கூடும். யாருடைய நாய், எங்கெல்லாம் போய்வந்த நாய் என்று தெரியாமல் சேர்த்தால், பிறப்புறுப்பில் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் கட்டி வரலாம். புரூசெல்லா கிருமி வரலாம். அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. இதையெல்லாம் அவர் உங்களிடம் சொன்னாரா? இடுப்பு மூட்டுக் கோளாறு லாப்ரடாரில் பரம்பரையாக வருவது. இனப்பெருக்கத்துக்கு விடுவதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே பற்றிப் பேச்செடுத்த ஒரு தரகரையும் இத்தனை ஆண்டுகளில் நான் சந்தித்ததில்லை. இதில் அவருக்குக் கிடைப்பது பெண் நாய்க்காரரிடம் வாங்கும் பணமும், ஈனும் குட்டிகளில் ஒன்றும்.

நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்று 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நாய்க்குட்டிகளை வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விதியை மீறினால் பதிவு ரத்து. பதிவே செய்யாமல் கைபேசிப் படங்களைக் காட்டி விற்பவரிடம் எதை ரத்து செய்வது? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றம் செய்தவருக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், இன்றைக்கும். கண் திறந்து சில நாட்களே ஆன குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில் அடைத்து இரவு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். மறுவாரம் அவை ரத்தக் கழிச்சலோடு என் மேசைக்கு வருகின்றன. இந்த 50 ரூபாயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு குட்டியும் வேண்டாம். புருனோ ஏங்குவது உங்கள் இருவருக்காக. இரண்டாவது நாய் வந்தால் இரண்டு நாய்களும் சேர்ந்து உங்களுக்காக ஏங்கும். உங்களிடம் இருக்கும் கொஞ்ச நேரமும் இரண்டாகப் பிரியும்.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன். ஆண் லாப்ரடாரின் எடை பொதுவாக 29 முதல் 36 கிலோ வரை இருக்கும். உங்கள் புருனோ சுமக்கும் கூடுதல் எடை, ஒரு குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு திரிவதற்குச் சமம். "பசியோடு பார்க்கிறானே" என்பீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, 'வயிறு நிறைந்தது' என்ற செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. எவ்வளவு தின்றாலும் அது பசியோடு பார்க்கும். அந்தப் பார்வைக்கு நீங்கள் இணங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இறப்புவரை தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். உடன்பிறந்ததைவிடக் கால்பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போகும்போது அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தின்பண்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. நாள் முழுவதற்கும் சேர்த்து, உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெள்ளரித் துண்டு, கேரட் துண்டு போதும். அவனுக்கு முக்கியம் உங்கள் கையிலிருந்து வருவதுதான். வேகவைத்த கோழி எலும்பு, சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவற்றைக் கண்ணிலும் காட்டாதீர்கள். கேக்கில் உலர்திராட்சை போட்டிருந்தீர்களா? இனி வேண்டாம். மதுரை வெயிலில் சட்டையும் வேண்டாம். அவன் உடம்பில் ஏற்கெனவே இரட்டை அடுக்கு ரோமம் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மருத்துவமனையில் பெரிய எடைமேடை இல்லாவிட்டால் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் எடைத்தட்டு போதும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் சரியான வேகம். விலாவில் உள்ளங்கையை வைத்தால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். அதுதான் இலக்கு.

இனி நேரம். உங்களிடம் அரை மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன், அது போதும். காலையில் நீங்கள் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் நடத்திச் செல்லுங்கள். ஆனால் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மின்கம்பத்தருகே, வேலியோரம், சாக்கடை மூடியருகே நின்று அவன் மோந்து முடிக்கும்வரை காத்திருங்கள். நமக்குச் செய்தித்தாள் போல அவனுக்கு மோப்பம். பகலெல்லாம் படுத்துக் கிடப்பவனுக்கு அந்த இருபது நிமிடம்தான் உலகம். மாலையில் பத்து நிமிடம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அவன் இரவு உணவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வீட்டுக்குள் அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். துணியில் சுற்றிவைக்காதீர்கள், லாப்ரடார் துணியையும் சேர்த்து விழுங்கிவிடும். மதியம் ஒருமுறை கதவைத் திறந்து அவனைக் கீழே அழைத்துப் போக, ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரரையோ நம்பிக்கையான கல்லூரி மாணவரையோ கேட்டுப் பாருங்கள். ஒன்பதரை மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பதை நம்மில் யார் பொறுப்போம்? பிஸ்கட்டுக்கும் சட்டைக்கும் போகும் பணத்தை அந்த மாணவருக்குக் கொடுக்கலாம்.

தொடுவதிலும் ஒரு முறை உண்டு. மேலிருந்து தலையில் தட்டுவதும் கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் பல நாய்களுக்குப் பிடிப்பதில்லை, பொறுத்துக்கொள்கின்றன. தாடைக்குக் கீழும் மார்பிலும் ஐந்து விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். உங்கள்மேல் சாய்ந்தால் தொடருங்கள், முகத்தைத் திருப்பினால் விடுங்கள். தடவும்போதே விரல்களால் உண்ணி தேடுங்கள்: காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், வாலடியில். கண்டால் தோலை ஒட்டிக் கிடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள், வெறும் விரலால் நசுக்காதீர்கள்.

உண்ணி என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். மேலே நான் சொன்னதெல்லாம் உடல்நலமுள்ள, சலித்துப்போன நாய்க்கு. புருனோவின் மந்தம் சலிப்பாக இல்லாமல் நோயாக இருந்தால் இதில் ஒன்றும் பலிக்காது. நோயை "கோபித்துக்கொண்டான்" என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கொஞ்சிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஈறு வெளுத்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். நாய் கோபித்துக்கொண்டு பட்டினி கிடப்பதில்லை; அதிலும் லாப்ரடார் கிடக்காது. நம் ஊர் வீடுகளில் சுவர் விரிசலில் முட்டையிட்டுப் பெருகும் பழுப்பு உண்ணி, ரத்தத்தில் கிருமியை ஏற்றிவிடும். மந்தம், காய்ச்சல், பசியின்மை, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் என்று அது வெளிப்படும். காய்ச்சல் பார்க்கும்போது கவனியுங்கள்: நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கணக்கில் பார்த்துப் பயந்துபோய்ப் பாராசிட்டமாலோ வேறு வலிநிவாரணியோ கொடுத்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் "உண்ணி ஊசி" என்று யாராவது போட வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். குட்டி விற்றவரே மாட்டுக்கான மருந்தைக் கண்ணளவில் ஊசியில் ஏற்றிப் போடுவதை நான் அறிவேன். ஊசி போடுபவர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. உண்ணிக் காய்ச்சல்தான் என்று உறுதியானால், மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் நாளே தின்ன ஆரம்பித்துவிடுவான், அதோடு நிறுத்திவிடாதீர்கள். பாதம் நக்குவதற்கும் ஒவ்வாமை, பூஞ்சை, விரலிடுக்கு உண்ணி என்று பல காரணங்கள் உண்டு. ஆகவே, உங்கள் விஷயத்தில் முதல் வேலை மருத்துவரிடம் காட்டி ரத்தம் எடுப்பது. நடையும் விளையாட்டும் அதற்குப் பிறகு.

அரசுக் கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. ஒரே மருத்துவர், ஒரே உதவியாளர், வாசலில் மாடும் ஆடும் வரிசையாக நிற்கும். உங்கள் ஊரில் அப்படி இருந்தால் தனியார் கால்நடை ஆய்வகத்துக்கு ரத்த மாதிரியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள், நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். 42 கிலோவோடு தினமும் மூன்று மாடி ஏறி இறங்கினால் அவன் இடுப்பு தாங்காது. செல்லப்பிராணிகளுக்கு லிஃப்டைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் நகல் ஒன்றை அச்செடுத்துச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். புருனோவைக் கழுத்துப்பட்டையோடு, கையில் சங்கிலியோடு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எடையையும் குறித்து எனக்கு எழுதுங்கள். உணவின் அளவை அதன் பிறகு கணக்கிட்டுச் சொல்கிறேன்.