மேலே என்பது எந்தப் பக்கம்? தட்டைப் பூமிக் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி வட்டாரத்தில் சில வாரங்களாக ஒரு காணொளி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. ஈர்ப்பு விசை என்று எதுவும் கிடையாது, பொருள்கள் விழுவதற்கும் எழும்புவதற்கும் அடர்த்தியும் மிதப்புமே போதும், பூமி தட்டையானது, அது சுற்றுவதும் இல்லை என்கிறார் அதில் பேசுபவர். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன்; எனவே கேள்விகள் என்னைத் தேடி வந்தன. சீண்டுவதற்காகக் கேட்டவர்களும் உண்டு, மெய்யாகவே குழம்பிக் கேட்டவர்களும் உண்டு. நான் இருவரையும் பிரிக்கவில்லை.

கேள்வி (கோட்டையூர், கல்லூரி மாணவர்): சார், இரும்பு காற்றைவிட அடர்த்தியானது, விழுகிறது. ஹீலியம் அடர்த்தி குறைந்தது, எழும்புகிறது. இதில் ஈர்ப்பு விசைக்கு என்ன வேலை?

பதில்: விழுகிறது, எழும்புகிறது என்கிறீர்கள். எந்தப் பக்கமாக? அங்கேதான் சிக்கல். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் பொருளில் எத்தனை கிலோ அடங்கியிருக்கிறது என்ற கணக்கு. காற்றுக்கு ஏறத்தாழ 1.2, தண்ணீருக்கு 1000, இரும்புக்கு 7,870. இந்த எண்களை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவற்றுக்குள் மேலும் இல்லை, கீழும் இல்லை. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை அடர்த்தி சொல்லும். அந்த வரிசை எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாது.

மிதப்பு விசை எங்கிருந்து வருகிறது? மேலே இருக்கும் தண்ணீரின் எடையைக் கீழே இருக்கும் தண்ணீர் தாங்குகிறது. அதனால் ஆழத்தில் அழுத்தம் கூடுகிறது. மூழ்கிய பொருளின் அடிப்பக்கத்தில் அழுத்தம் அதிகம், மேற்பக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசம்தான் மிதப்பு விசை. எடை இல்லையென்றால் அழுத்த வித்தியாசம் இல்லை, மிதப்பும் இல்லை. ஈர்ப்பைத் துரத்திவிட்டு மிதப்பை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு ஹீலியம் பலூனை நூலில் கட்டி, காரின் பின்னிருக்கையில் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஆளில்லாச் சாலையில் நண்பரை ஓட்டச் சொல்லுங்கள். வண்டி வேகமெடுக்கும்போது உங்கள் முதுகு இருக்கையில் அழுந்தும். பலூனோ முன்னால் சாயும். பிரேக் போட்டால் நீங்கள் முன்னால் போவீர்கள். பலூன் பின்னால் வரும். இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் வலப்பக்கம் சரிவீர்கள். பலூன் இடப்பக்கம் சாயும். பலூனின் அடர்த்தி மாறவில்லை, காற்றின் அடர்த்தியும் மாறவில்லை. ஆனாலும் அது "எழும்பும்" திசை நொடிக்கு நொடி மாறுகிறது. திசையைக் கொடுப்பது வேறொன்று என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி எனக்குத் தெரியாது. (திருவிழாக்களில் விற்கும் பலூன்கள் சிலவற்றில் ஹைட்ரஜன் இருக்கும். அது தீப்பற்றும், காருக்குள் கொண்டுபோக வேண்டாம்.)

பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்திலும் இதுதான் நடக்கிறது. வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் லேசான ஆடை நடுவே சேர்கிறது, கனமான பால் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அங்கே "மேலே" என்பது நடு மையம்.

கேள்வி (அதே மாணவர்): சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் காற்று இருக்கிறதே, அங்கே என்ன ஆகிறது?

பதில்: நல்ல கேள்வி. காற்றும் இருக்கிறது, அடர்த்தி வேறுபாடும் இருக்கிறது. ஆனால் நிலையமும் அதற்குள் இருப்பவையும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. அதனால் அங்கே தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழி எந்தப் பக்கமும் எழும்பாமல் அப்படியே நிற்கிறது. விண்கலங்களில் ஏற்றிய மெழுகுவர்த்திச் சுடர், நுனி கூராமல் உருண்டையாக எரிந்தது. சூடான லேசான காற்றுக்கு மேலே போக "மேலே" இல்லை.

கேள்வி (கானாடுகாத்தான், ஒரு ஆச்சி): தம்பி, கடல் தண்ணீரையே பிடித்து வைத்திருக்கிற சக்தி, பட்டாம்பூச்சியை மட்டும் எப்படிப் பறக்க விடுகிறது என்று பேரன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: ஆச்சி, உங்கள் வீட்டுப் பழைய கணக்குப் பேரேட்டை அவனிடம் காட்டுங்கள். வட்டி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் லட்சம் வாங்கியவர் கட்டும் வட்டி வேறு, பத்து ரூபாய் வாங்கியவர் கட்டும் வட்டி வேறு. ஈர்ப்பின் விகிதம் 9.8, அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் கூடும். கடலுக்கும் அதே, பட்டாம்பூச்சிக்கும் அதே. அரை கிராம் எடையுள்ள பூச்சி, அந்த அரை கிராமுக்கு உரியதை மட்டும் சிறகால் காற்றைத் தள்ளி ஈடுகட்டினால் போதும். சிறகை மடக்கிக்கொண்டால் அதுவும் கீழேதான் வரும்.

கேள்வி (ஆத்தங்குடி, கொத்தனார்): ஐயா, முப்பது வருடமாக ரசமட்டமும் தூக்குக் குண்டும் வைத்து வேலை செய்கிறேன். ஒரு வளைவையும் பார்த்ததில்லை. ஊருணித் தண்ணீரும் தட்டையாகத்தான் இருக்கிறது.

பதில்: நீங்கள் பார்க்காதது நியாயம்தான். 200 மீட்டர் அகலமான ஊருணியில், கரையிலிருந்து கரைக்கு நேர்கோடு இழுத்தால் நடுவில் தண்ணீர் அந்தக் கோட்டைவிட 0.8 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். காற்று எழுப்பும் சிற்றலையே அதைவிடப் பெரியது.

தூக்குக் குண்டு இன்னும் சுவையானது. இரண்டு குண்டுகளை 31 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் அவை ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. ஒரு விகலை அளவு, அதாவது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு, சாய்ந்திருக்கும். நம் ஊரில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீண்ட வீடுகள் உண்டு. 60 மீட்டர் நீள வீட்டின் இரு முனைகளிலும் 5 மீட்டர் உயரத் தூண்களைச் சுத்தமாகத் தூக்குப் பார்த்து நிறுத்தினால், அடியில் உள்ள இடைவெளியைவிட உச்சியில் உள்ள இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர் கூடும். உங்கள் தொழிலில் இது ஒன்றுமே இல்லை. நியூயார்க்கின் வெராசானோ பாலத்தில் அது ஒன்றுமில்லாமல் போகவில்லை: ஏறத்தாழ 1,300 மீட்டர் இடைவெளியில் நிற்கும் அதன் இரு கோபுரங்களும் அடியைவிட உச்சியில் 4 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கின்றன.

ரசமட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கும் குமிழி மிதப்பால்தான் நகர்கிறது. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஈர்ப்பு. முப்பது வருடமாக இந்தக் காணொளிக்கு எதிரான சாட்சியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்.

கேள்வி (காரைக்குடி, நகைக்கடைக்காரர்): தட்டைப் பூமி நொடிக்கு நொடி மேல்நோக்கி வேகமெடுத்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் நமக்கு எடையாகத் தெரிகிறது என்கிறார்களே?

பதில்: இது அடர்த்திக் கதையைவிடச் சாமர்த்தியமானது. ஒரே தட்டு மேலே வந்தால் எடை எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 9.780, துருவத்தில் 9.832. பூமி சுற்றுவதும், சுற்றுவதால் நடுவில் சற்றுப் பருத்திருப்பதும் இதற்குக் காரணம். 1672-ல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயென் தீவுக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். ஊசலை நீளம் குறைத்துத்தான் சரிசெய்தார்.

உங்கள் கடையிலேயே சோதிக்கலாம். காரைக்குடியில் சரிசெய்த மின்னணுத் தராசை டெல்லிக்குக் கொண்டுபோய், மறுபடி சரிசெய்யாமல் 100 கிராம் தங்கத்தை வையுங்கள். ஏறத்தாழ 0.1 கிராம் அதிகமாகக் காட்டும். இன்றைய தங்க விலையில் அது எத்தனை ரூபாய் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் நல்ல தராசுகளை வைக்கும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்கிறார்கள். பழைய இரட்டைத் தட்டுத் தராசு இந்த வித்தியாசத்தைக் காட்டாது. இரண்டு தட்டிலும் ஈர்ப்பு ஒரே அளவில் மாறுகிறது.

கேள்வி (தேவகோட்டை, தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர்): பூமி கிழக்கே சுற்றினால், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம் சும்மா மேலே நின்றாலே போதுமே, ஊர் தானாக அதன் அடிக்கு வந்துவிடுமே?

பதில்: இந்தக் கேள்விக்குப் பெரிய வம்சாவளி உண்டு. பூமிதான் சுழல்கிறது, நட்சத்திரங்கள் மேற்கே போவது ஓடும் படகில் இருப்பவருக்குக் கரை பின்னால் போவது போன்ற தோற்றம் என்று 499-ல் ஆரியபட்டர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் மறுத்தார்: அப்படியானால் பறந்து போன பறவைகள் கூட்டுக்குத் திரும்புவது எப்படி? உங்கள் விமானம், அவருடைய பறவை. "உருண்டை, சுழற்சி எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை" என்று வேறொருவர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

பறவையும் விமானமும் காற்றும் தரையோடு சேர்ந்து ஏற்கெனவே கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பாருங்கள். பின்னிருக்கைக்காரர் தலையில் விழாது.

ஆனால் சுழற்சி விமானத்தில் ஒரு தடயத்தை விட்டுவைக்கிறது. நிலநடுக்கோட்டருகே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேர் கிழக்கே பறந்தால், 60 கிலோ ஆளின் எடை சுமார் 280 கிராம் குறையும். அதே வேகத்தில் மேற்கே பறந்தால் சுமார் 160 கிராம் கூடும். உயரத்தால் வரும் குறைவு தனி. அது இரு திசைக்கும் பொது. பூமி அசையாமல் நின்றால் கிழக்கும் மேற்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர் ஏட்வஷின் பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பலிலோ விமானத்திலோ ஈர்ப்பை அளப்பவர்கள் இந்தத் திருத்தத்தைப் போடாமல் கணக்கை முடிக்க முடியாது.

கேள்வி (புதுவயல்): மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் நாம் தூக்கி எறியப்பட மாட்டோமா?

பதில்: காரைக்குடியின் வேகம் ஏறத்தாழ 1,650. எண் மிரட்டுகிறது. ஆனால் தூக்கி எறிவது வேகம் அல்ல, திருப்பம். கடிகாரத்தின் சின்ன முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பூமி அதில் பாதி வேகத்தில் திரும்புகிறது. அதனால் வரும் விலக்கம் உங்கள் எடையில் ஏறத்தாழ 0.34 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 200 கிராம்.

கேள்வி (பொன்னமராவதி, கோபமாக எழுதியவர்): மைக்கேல்சன் சோதனையிலேயே பூமி அசையவில்லை என்று தெரிந்துவிட்டது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்க என்ன இருக்கிறது, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் தேடியது, ஒளி பரவுவதற்கு உதவுவதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தின் ஊடே பூமி ஓடும் வேகத்தை. கிடைக்கவில்லை; ஈதர் போயிற்று. அதே மைக்கேல்சன் 1925-ல் கேல், பியர்சன் ஆகியோருடன் சேர்ந்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாய்களைச் செவ்வகமாகப் பதித்து, ஒளியை இரு திசைகளிலும் சுற்றவிட்டார். இரண்டு ஒளியும் சேரும் இடத்தில் தெரியும் ஒளிப்பட்டை, பூமியின் சுழற்சியால் ஒரு பட்டை அகலத்தில் 0.236 பங்கு நகர வேண்டும் என்றது கணக்கு. அளந்தது 0.230. உங்கள் காணொளிக்காரர் முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்று. தட்டைப் பூமிக்காரர்கள் சிலரே 20,000 டாலர் கொடுத்து, சுழற்சியை அளக்கும் லேசர் சுழல்மானி வாங்கினார்கள். அது மணிக்கு 15 பாகை திருப்பத்தைக் காட்டியது. 24 மணியால் பெருக்கிப் பாருங்கள். 2018-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவர்களே இதைச் சொல்கிறார்கள். கருவியை மட்டும் நம்ப மறுக்கிறார்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): எங்கள் ஐயா ரங்கூனில் இருந்தவர். அங்கே துருவ நட்சத்திரம் இங்கேவிட உயரத்தில் தெரியும் என்பார். உண்மையா? அது தட்டைப் பூமியிலும் நடக்கும்தானே?

பதில்: உண்மை. துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை: பினாங்கில் 5 பாகை, இங்கே 10, ரங்கூனில் 17, டெல்லியில் 29. கொண்டுவிற்கப் போன கப்பல்காரர்களுக்கெல்லாம் இது கைப்பாடம்.

தட்டையிலும் உயரம் குறையும்தான். ஆனால் இந்தக் கணக்கில் குறையாது. 45 பாகை அட்சரேகையில் அது 45 பாகை உயரத்தில் தெரிகிறது. தட்டைப் பூமியில் அப்படித் தெரிய, நட்சத்திரம் வடதுருவத்துக்கு மேலே 5,000 கிலோமீட்டரில் தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் காரைக்குடியில் 29 பாகை உயரத்தில் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் மறையவே கூடாது. இங்கே வட அடிவானத்தை ஒட்டி அதைத் தேடிக் கண் வலித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு தாழ்வு என்று.

கேள்வி (கோட்டையூர்): எல்லாம் நாசாவின் பொய் என்றால்?

பதில்: ரிஷே போனது 1672-ல். நாசா தொடங்கியது 1958-ல்.

கேள்வி (தேவகோட்டை, ஒன்பதாம் வகுப்பு மாணவி): சார், ஃபூக்கோ ஊசலை எங்கள் வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: முயலலாம் அம்மா, ஆனால் நம் ஊர் இதற்கு வசதியான இடம் இல்லை. நீண்ட கம்பியில் கனமான குண்டு ஆடும்போது, அடியில் பூமி திரும்புவதால் அது ஆடும் கோடு மெல்லத் திரும்புவதாகத் தெரியும்; அதுதான் ஃபூக்கோ ஊசல். 1851-ல் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். அங்கே ஊசலின் தளம் மணிக்கு 11 பாகைக்கு மேல் திரும்பும். நம் அட்சரேகையில் 2.6 பாகைதான், ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்தே முக்கால் நாள் ஆகும்.

உங்கள் வீட்டில் இரண்டு தள உயரத்துக்குக் கூடம் இருந்தால் உத்தரத்தில் மெல்லிய எஃகுக் கம்பி கட்டு. குண்டு கனமாக இருக்கட்டும், 5 கிலோவாவது வேண்டும். கையால் இழுத்து விடாதே. கை கொடுக்கும் பக்கவாட்டுத் தள்ளல் பூமியின் திருப்பத்தை விழுங்கிவிடும். குண்டை நூலால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, ஆட்டம் முழுக்க அடங்கியபின், பெரியவர் யாரையாவது வைத்துக்கொண்டு நூலைத் தீக்குச்சியால் எரி. தரையில் ஊசல் போகும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்து வை. நடுவிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், ஒரு மணி நேரம் கழித்துக் கோடு கடிகாரச் சுற்றாக நாலரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். அதற்குள் வீச்சு பாதியாகக் குறைந்திருக்கும், அதனால் கோணத்தை அளந்து பார். குண்டு நேர்கோட்டில் போகாமல் நீள்வட்டம் போடத் தொடங்கினால் அந்த முறையைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கு. மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களையும் சாத்திவிடு.