வாசகர் கேள்வி பதில்: தோல் பதப்படுத்துறது

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு குர்பான் குடுத்த ஆட்டுட தோல விக்கக்கூடாதுதானே, அதால மயிரோட பதப்படுத்தி உம்மாவுக்கு ஒரு விரிப்பு செய்வம்னு எடுத்து வெச்சன். சிலிசிலி பேக்ல (மெல்லிய பிளாஸ்டிக் பை) கட்டி வெச்சிட்டு அடுத்த நாள் பின்னேரம்தான் உப்பும் வினாகிரியும் கலந்து ஊறப்போட்டன். இப்ப பிடிச்சா மயிர் கொத்துக் கொத்தா வருது. வினாகிரி கூடிட்டா?
(தெமட்டகொடை)

பதில்: வினாகிரில பழிய போடாதீங்கோ தம்பி, காரியம் கெட்டது அந்த பேக்குக்குள்ள. சூடு ஆறாத தோல சுருட்டி காத்துப் போகாம கட்டி வெச்சா, கொழும்பு வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் சில மணித்தியாலத்திலயே பக்டீரியா மயிர் வேருக்குப் போயிடும், பிறகு எந்த அசிட் ஊத்தினாலும் கழண்ட மயிர் திரும்பப் பிடிக்காது. இந்தத் தோல்ல மிச்ச மயிரையும் எடுத்துப்போட்டு வெறும் தோலா பதப்படுத்தப் பாருங்கோ.

அடுத்த முறை உரிச்ச கையோட நிழல்ல விரிச்சு சூடு ஆறவிட்டு, ஒட்டியிருக்கிற இறைச்சி கொழுப்பெல்லாம் மொட்டைக் கத்தியால வழிச்சு எடுங்கோ, கொழுப்பு இருக்கிற இடத்தில உப்பு இறங்காது. பிறகு உப்பு. கைப்பிடி கணக்கில்லை, தோல்ட நிறையில பாதிக்குக் குறையாம, முழு நிறைக்கே போட்டாலும் வீணில்லை. கல்லுப்பு எண்டா இடிச்சுப் பொடியாக்கி ஓரம், கால் மடிப்பு எல்லாம் தேயுங்கோ. சரிவான பலகையில வெச்சா தண்ணி வடியும், அடுத்த நாள் ஈர உப்பைத் தட்டிப்போட்டு புது உப்பு.

அதுக்குப் பிறகுதான் ஊறல். 1 லீட்டர் தண்ணிக்கு 120 கிராம் உப்பு, 22 கிராம் அளவுல சிட்ரிக் அசிட், பிளாஸ்டிக் வாளியில, ஒரு 3 நாள், நாளுக்கு ரெண்டு தரம் கிளறணும். உப்பில்லாத அசிட்ல மட்டும் தோலைப் போட்டுடாதீங்கோ, தண்ணியில விழுந்த பாண் மாதிரி ஊதி நார் நாரா பிஞ்சிடும். பற்றரி அசிட் போடச் சொல்ற ஆக்களும் இருக்கினம், பிள்ளையள் ஓடித்திரியிற வீட்டில அந்த விளையாட்டு வேணாம்.

கேள்வி: தோல் வாளியில ஊறுது, அவசரமா ரெண்டு கிழமை யாழ்ப்பாணம் போகவேணும். அப்பிடியே விட்டுட்டுப் போகலாமா?
(வெள்ளவத்தை)

பதில்: பி.எச். தாளை (புளிப்பு எவ்வளவு எண்டு காட்டுற தாள்) ஊறல்ல நனைச்சுப் பாருங்கோ, 2 அளவுல இல்லாட்டி அதுக்குக் கீழ நிண்டா தாராளமா போயிட்டு வாங்கோ, தோலுக்கு ஒண்டும் ஆகாது. ஏறியிருந்தா இன்னும் கொஞ்சம் சிட்ரிக் அசிட் போட்டு இறக்குங்கோ. தோல் மேல மிதக்காம ஒரு பீங்கான் தட்டை வெச்சு அமுக்கி, மூடியும் போடுங்கோ, இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும். வினாகிரி ஊறல் அந்த அளவுக்கு இறங்காது, அதை நம்பி ரெண்டு கிழமை விடமாட்டன். முடிஞ்ச தண்ணியை வாழையடியில ஊத்திடாதீங்கோ, உப்புக்கு வாழை செத்துப்போம்.

கேள்வி: பழைய மான் தோல் ஒண்டு ஆரோ தாறன் எண்டினம், அதையும் இப்பிடிச் செய்யலாமா?
(கொட்டாஞ்சேனை)

பதில்: வாங்கவே வேணாம். காட்டு மிருகத் தோலை வெச்சிருந்தாலே வனவிலங்குச் சட்டத்தில மாட்டுப்படுவீங்கள், 1937இல இருந்தே இருக்கிற சட்டம்.

கேள்வி: படிகாரம் போட்டு செஞ்ச தோல் அப்பளம் மாதிரி விறைச்சுப்போச்சு அக்கா, நனைச்சா திரும்பவும் பச்சைத்தோல் மாதிரி ஆகுது.
(மட்டக்குளி)

பதில்: அது படிகாரத்திட குணம் தங்கச்சி, தண்ணி பட்டா கழுவுப்பட்டுப் போயிடும். விறைப்புக்கு காரணம் வேற, நீங்க அதை காயவிட்டுட்டுப் படுத்திருப்பீங்கள். அரை ஈரத்தில இருக்கேக்க கதிரை முதுகில போட்டு ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்துத் தேய்க்கவேணும், வெள்ளையா மெதுவா வரும்வரைக்கும், கை உளையும், வேற வழியில்லை. முட்டை மஞ்சள்கருவை இளஞ்சூட்டுத் தண்ணியில கலக்கி உள்பக்கம் பூசினா இன்னும் மெதுவாகும். ஊறல்ல இருந்து எடுத்த உடன லீட்டருக்கு 7 கிராம் அப்பச்சோடா போட்ட தண்ணியில 20 நிமிஷம் வெச்சீங்களா? அசிட் உள்ளுக்க நிண்டா தோல் நாள்போக இத்துப்போம்.

ஈரத்துக்கும் நிக்கவேணும் எண்டா புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடையில கடுக்காய் வாங்கி இடிச்சு அவிச்சு, அந்தச் சாயத்தில தோலை ஊறப்போட்டு, சாயத்தைக் கிழமைக்குக் கிழமை தடிப்பாக்கிக்கொண்டு போங்கோ. தோல்ட ஓரத்தில சின்னதா வெட்டிப் பாத்தா நடுவில வெள்ளைக் கோடு தெரியும், அது மறையும்வரைக்கும் வெளிய எடுக்காதீங்கோ.