பெங்களூரில் பித்தளை துலக்க மெஷின் வேண்டுமா?

கும்பகோணத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வந்து மூன்று மாதம். அறுபது சின்ன விளக்கு, மணி, தூபக்கால், இரண்டு ஜோடி குத்துவிளக்கு. ஊரில் புளி போட்டாலே பளிச்சென்று வந்த பித்தளை இங்கே மறுநாளே மங்குகிறது. அமெரிக்காவிலிருக்கும் தம்பி, துப்பாக்கித் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டைக் கழுவும் ட்ரம் மெஷின் கொண்டுவரட்டுமா என்கிறான். இல்லை, காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் நீரிலேயே அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி வாங்கலாமா? இதுதானே கேள்வி, தங்கச்சி?

மெஷினை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் பக்கம் பல அடுக்ககங்களில் இன்னும் போர்வெல்லும் டேங்கரும்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. இங்கே டேங்கர் நீர் அதையும் தாண்டுவதுண்டு. அந்தத் தண்ணீரில் அலசி அப்படியே உலரவிட்டால் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். புளியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி அலசல் ஒன்றை மட்டும் ஆர்ஓ குடிநீரில் செய்து, உடனே பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆர்ஓ வெளியே தள்ளுகிற கழிவு நீரை எடுத்துவிடாதீர்கள், அது இன்னும் கடினம்.

இரண்டாவது எண்ணெய். நல்லெண்ணெய் எரிந்து எரிந்து வார்னிஷ் மாதிரி இறுகியிருக்கும். அதற்கு அடியில் புளியும் போகாது, எந்த அமிலமும் போகாது. ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து அரைமணி ஊறவைத்து, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட் (கேக் செய்யும் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், கன்னடத்தில் ‘நிம்பெ உப்பு’ என்றால் எடுத்துத் தருவார்கள்). ஐந்து நிமிடம், அழுக்கு அதிகமென்றால் பத்து. மறந்துபோய் இரவெல்லாம் விட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் மேலே நின்று ரோஸ் நிறமாகிவிடும். அப்புறம் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். இரும்புத் திருகோ கம்பியோ உள்ள சாமானை அதே வாளியில் போடாதீர்கள். கரைந்த செம்பு இரும்பின் மேலும் பக்கத்துப் பித்தளையின் மேலும் படியும். எடுத்தபின் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தைப் போக்கி, ஆர்ஓ நீரில் அலசித் துடைக்கவேண்டியதுதான்.

இனி மெஷின். தம்பி சொல்வது ஈர ட்ரம். உள்ளே ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிமனும் 6.5 மி.மீ. நீளமும் உள்ள ஸ்டீல் ஊசிகள் இரண்டேகால் கிலோ, நீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட். இரண்டு மூன்று மணி நேரம் உருளும். தோட்டாக் கூட்டுக்கு அது அருமை, உள்ளும் புறமும் ஒரே வழவழப்பான குழல். விளக்கு அப்படியா? திரி வைக்கும் குழிவு, மணியின் நாக்கு, தண்டின் மரை என்று ஊசி சிக்க ஆயிரம் இடம். மெல்லிய விளிம்பு அடிபட்டு மழுங்கும், செதுக்கு வேலை தேயும். மின்சாரமும் இடிக்கும். அங்கே 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும். கீழ்வீட்டுக்காரர் சத்தத்துக்குப் புகார் சொல்வது தனிக் கதை. தம்பியிடம் சாக்லேட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உலர்ந்த மக்காச்சோளக் கட்டைத் தூளைப் போட்டு அதிரவைக்கும் மெஷினும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு போட்டால் தூள் கட்டி கட்டியாகிவிடும். வேண்டாம்.

அல்ட்ராசோனிக் ஓரளவு அர்த்தமுள்ளது, ஆனால் எதற்கென்று தெரிந்து வாங்கவேண்டும். அது அழுக்கை எடுக்கும், பளபளப்பைத் தராது. மணியின் உட்புறம், தூபக்காலின் துளை, செதுக்குக்குள் ஒளிந்த கறை, இவற்றுக்கு நல்லது. 40 கிலோஹெர்ட்ஸ், 3 லிட்டர், ஹீட்டர் உள்ளதாகப் பாருங்கள். 50 முதல் 60 டிகிரி வெந்நீர், சில சொட்டு சோப்பு, பத்து நிமிடம். சாமானைக் கூடையில் வையுங்கள். தொட்டியின் அடியில் நேராக வைத்தால் தகடு பழுதாகும். தண்ணீரில்லாமல் ஓட்டினாலும் அதே கதி. அலுமினியத் தாளை அரை நிமிடம் முக்கிப் பாருங்கள்; பரவலாகத் துளை விழுந்தால் வேலை செய்கிறது. குத்துவிளக்கு அதில் அடங்காது. தண்டு தண்டாகக் கழற்றி வாளியில்தான். மரையில் ஈரம் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும், வெயிலில் நன்றாக உலர்த்தியே பூட்டுங்கள்.

திரவப் பாலிஷ் வாங்கும்போது லேபிளில் அம்மோனியா இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேண்டாம்; அது பித்தளையை வெடிக்கவைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கினார்கள். அடித்து இழுத்துச் செய்த தகட்டுச் சாமானுக்கு அந்த ஆபத்து அதிகம், வார்ப்பு விளக்குக்குக் குறைவு.

மெருகுக்கு உலர்ந்த திருநீறு போதும், பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தேயுங்கள். கடையில் ‘லாக்கர்’ (மங்காமலிருக்கப் பூசும் மெல்லிய வார்னிஷ்) பூசிய புது விளக்கு வாங்கியிருந்தால் இவை எதையும் அதற்குச் செய்யவேண்டாம், ஈரத்துணி மட்டும்.