பழைய லென்ஸ், புதிய கேமரா

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'வீடியோ எடுக்கக் காசு போதவில்லையென்றால் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸைத் தேடிப் பாருங்கள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. முப்பது வருடம் ஸ்டூடியோவும் அதன் பின்கட்டில் கேமரா பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்தியவன் என்பதால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன், ஐயா. சோனி இசட்வி-இ10 கேமராவும் அதனுடன் வந்த 16-50 லென்ஸும் இருக்கின்றன. குறும்படம் எடுக்கப் போகிறோம். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். எல்லோரும் ஹீலியோஸ் என்ற பழைய லென்ஸை வாங்கச் சொல்கிறார்கள். ஒருவர் ஐந்து பழைய லென்ஸ்களைச் சேர்த்து எட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

ஐந்தை வாங்காதீர்கள் அம்மா. ஐந்தும் எட்டாயிரம் என்றால் அதில் குறைந்தது நான்கு அவர் வீட்டுப் பரணைக் காலி செய்வதற்காகச் சேர்த்தவையாக இருக்கும். ஒன்றே ஒன்று வாங்குங்கள். மிச்சத்தில் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் வளையமான அடாப்டர் ஒன்றும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹீலியோஸ் 44-2 நல்ல லென்ஸ்தான். கார்ல் சைஸின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸைப் பார்த்து சோவியத் நாட்டில் செய்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும், பிறகு வேறு ஆலைகளிலும் ஜெனித் கேமராக்களுக்காகச் செய்து குவித்தார்கள். குவித்ததால்தான் இன்றைக்கும் மலிவு. ஆனால் உங்களிடம் அதைச் சிபாரிசு செய்தவர்கள், முகத்துக்குப் பின்னால் இலைகள் சுழல்வதுபோல் தெரியும் அந்தக் காட்சிக்காகத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் விழும். உங்கள் கேமராவின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது, ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எந்த வித்தைக்காகக் காசு கொடுக்கிறீர்களோ அதில் பெரும்பகுதி உங்கள் படத்தில் வராது.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் மி.மீ. எண் ஏற ஏறக் காட்சி நெருங்கி வரும், இறங்க இறங்க அகலும். உங்கள் சிறிய சென்சாரில் எந்த லென்ஸும் ஒன்றரை மடங்கு எண் கொண்டதுபோல் நடந்துகொள்ளும்; 58-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 87. முகத்தை அருகில் காட்ட அருமையான அளவு. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேர் பேசும் காட்சியை எடுக்க நீங்கள் சுவரை இடித்துக்கொண்டு வெளியே போக வேண்டியிருக்கும். அந்த இடத்தில் 28 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் உதவும். பழைய காலத்தில் ஏகப்பட்ட நிறுவனங்கள் அந்த அளவைச் செய்தன; விலையும் அதிகமில்லை. அதற்கும் அகலமாக, 20, 24 என்று பழையதில் தேடாதீர்கள். விலையும் ஏறும், ஓரமும் குழையும். அந்த வேலையை உங்கள் 16-50 நன்றாகவே செய்யும்.

28-ஆ, 50-ஐ ஒட்டிய லென்ஸா என்று என்னைக் கேட்பதைவிட உங்கள் 16-50-யிடமே கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை 28-இல் நிறுத்திவிட்டு, ஜூமைத் தொடாமல் உங்கள் கதையின் இரண்டு காட்சிகளை எடுங்கள். அடுத்த ஞாயிறு 50-இல். எந்த ஞாயிறு உங்களுக்கு எரிச்சல் குறைவாக இருந்ததோ அந்த லென்ஸை வாங்குங்கள். செலவில்லாத சோதனை.

வாங்கிய பிறகு மூன்று விஷயம். கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயங்கவிடும் அமைப்பைத் தேடி இயக்கிவிடுங்கள். பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது. கைநடுக்கத்தைக் குறைக்கும் வசதி உங்கள் 16-50 லென்ஸில்தான் இருக்கிறது, கேமராவுக்குள் இல்லை. ஆகவே பழைய லென்ஸ் என்றால் முக்காலி கட்டாயம். மூன்றாவது, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிட்டு நாகர்கோவில் மதிய வெயிலில் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 2 வரை அகலத் திறந்தால் திரை முழுக்க வெள்ளைதான். என்.டி. ஃபில்டர் வாங்கச் சொன்னது அதற்காக.

கேள்வி: தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த என் அப்பாவின் யாஷிகா கேமராவை இப்போதுதான் வெளியே எடுத்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ தெரிகிறது. வீடியோவுக்குப் பயன்படுமா?

பூஞ்சை. கேமரா தோல் உறைக்குள் இருந்ததா தம்பி? நிச்சயம் இருந்திருக்கும். நாங்கள் எல்லோருமே லென்ஸை அந்த உறைக்குள் வைத்துப் பூட்டி, பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர்கள்தான். கடற்கரை ஊரில் தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். என்னுடைய 135 மி.மீ. லென்ஸ் ஒன்று இப்படித்தான் போயிற்று. இரண்டு மழைக்காலம் திறந்தே பார்க்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு வளைகாப்புக்கு எடுத்துப்போனேன்; படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் இருந்தது.

உங்கள் லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் நாலு இழை என்றால் கவலை இல்லை. இப்போதே பயன்படுத்தலாம், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தமும் செய்யலாம். நடுவில் படர்ந்திருந்தால், துடைத்த பிறகும் கண்ணாடியின் மேல்பூச்சில் அரித்த தடம் நிற்கக்கூடும். ஜன்னலுக்கு எதிரே வைத்து ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். படத்தில் கறுப்பு நிறம் வெளிறாமல் கறுப்பாகவே இருந்தால் லென்ஸ் பிழைத்தது. பிறகு அதைத் தோல் உறைக்குள் வைக்காமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும்.

டார்ச் அடிக்கும்போது தூசி தெரியும். தூசி எல்லா லென்ஸிலும் உண்டு, விட்டுவிடுங்கள். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்கினாலும் பயப்படாதீர்கள். ஃபோட்டோ எடுக்கும்போது அந்தத் தகடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மூட வேண்டும். எண்ணெய் இருந்தால் ஒட்டிக்கொண்டு தாமதமாகும். வீடியோவில் அவை ஒரே இடத்தில் நிற்கப் போகின்றன. எண்ணெயைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்பது என் பழக்கம். எண்ணெய் கண்ணாடியில் மங்கலாகப் படியாமல் இருந்தால் போதும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கேனன் 700டி. பழைய கேனன் எஃப்.டி. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. ஒரே கம்பெனிதானே, பொருந்தும் அல்லவா?

பொருந்தாது. எஃப்.டி. லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தள்ளி உட்காருவதற்காகச் செய்தது. உங்கள் கேமராவில் அந்த இடைவெளி 44. அந்த இரண்டு மில்லிமீட்டரால் தூரத்துக் காட்சி எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்பார்கள். அது லென்ஸின் நல்ல குணத்தைக் கெடுக்கும். பழைய நிக்கான் (46.5) அல்லது எம்42 திருகு லென்ஸ் (45.46) வாங்குங்கள்; இவற்றின் இடைவெளி 44-ஐவிட அதிகம் என்பதால் நடுவில் மெல்லிய வளையம் போதும். கேனனில் நிக்கான் லென்ஸ் ஒழுங்காக வேலை செய்யும், பழைய கேனன் லென்ஸ் செய்யாது. இதைக் கடையில் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள்.

கேள்வி: சூப்பர் டாக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 வாங்கினேன். கண்ணாடி டீ நிறத்தில் இருக்கிறது. கதிர்வீச்சு என்று பயமுறுத்துகிறார்கள்.

அந்த வரிசையில் பல லென்ஸ்களில் கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருடம் போகப்போக அது பழுத்து மஞ்சளாகும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. உடைத்துத் தேய்க்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். மஞ்சளை ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துவிடலாம், ஆனால் வெளிச்சமும் கொஞ்சம் போய்விடும். புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் நிறம் தெளியும். வெயிலிலும் தெளியும், ஆனால் நம் ஊர் வெயிலில் லென்ஸ் பூதக்கண்ணாடி என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருவர் மொட்டை மாடியில் கொடித் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். லென்ஸ் தப்பியது. வேட்டியில் ஓட்டை.

கேள்வி: அப்பர்ச்சர் வளையம் 'கடக் கடக்' என்கிறது. அது வீடியோவில் கேட்கிறது. கழற்றி எடுத்துவிடலாமா?

உள்ளே கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று பள்ளங்களில் விழுந்து எழுகிறது, அதன் சத்தம்தான். எடுத்துவிடலாம். என் பட்டறையில் எடுத்ததில் ஒரு குண்டு தரையில் உருண்டோடி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் யோசியுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் ஷாட்டின் நடுவில் எத்தனை தடவை அப்பர்ச்சரை மாற்றுகிறீர்கள்? ஷாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டால் சத்தமே இல்லை. அவசியம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹீலியோஸ் 44-2-இல் அதற்கென்றே ஒரு வளையம் இருக்கிறது. முதல் வளையத்தைக் கடைசி எண்ணில் வைத்துவிட்டால் இரண்டாவது வளையம் சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: அடாப்டரில் மலிவானது போதுமா?

போதும், ஆனால் வாங்குமுன் கடையிலேயே மாட்டச் சொல்லுங்கள். ஃபோகஸ் வளையத்தைச் சட்டென்று இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். லென்ஸே சேர்ந்து ஆடினால், ஃபோகஸ் மாற்றும்போதெல்லாம் படம் துள்ளும். வேறு ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.