ஜிப் கோப்பு மட்டும் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது?

கேள்வி: இரண்டு பழைய டாஸ் கணினிகளில் பிபிஎஸ் ஒன்றை (மோடத்தில் அழைத்து உள்ளே வரும் அந்தக்கால அறிவிப்புப் பலகை) மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். ஒரு நோடு (ஓர் அழைப்பாளருக்கான இணைப்பு) நிஜ மோடத்தில், இணையத் தொலைபேசி இணைப்பின் வழியாக. இன்னொன்று வைஃபை மோடம் (மோடம் போல நடித்து இணையத்தில் இணைக்கும் கருவி) வழியாக டெல்நெட் என்ற இணைய முறையில். கோப்புப் பரிமாற்றத்துக்கு டிஎஸ்இசட் போன்ற வெளிப்புற நிரல்கள்தான். இசட்மோடம் என்ற பரிமாற்ற விதிமுறையில் (புரோட்டோகால்) உரைக் கோப்புகள் ஒழுங்காகப் போகின்றன. ஆனால் டெல்நெட் நோடில் ஜிப் கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. மோடம் நோடில் எப்போதாவது, எங்கேயாவது அறுந்துபோகிறது. நிரலை மாற்ற வேண்டுமா? மெனுவில் ஏகப்பட்ட புரோட்டோகால்கள் கிடக்கின்றன, எதை வைத்துக்கொள்வது?

பதில்: நிரலைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. சக் ஃபோர்ஸ்பெர்க் 1986-இல் எழுதிய இசட்மோடமும், அவருடைய ஓமன் டெக்னாலஜி வெளியிட்ட டிஎஸ்இசட்டும் பல்லாயிரம் பிபிஎஸ்களில் தேய்ந்து பழகியவை. பழுது பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே, பைட்டுகள் கடந்து போகும் வழியில்தான் இருக்கும். உங்கள் இரண்டு நோடுகளிலும் இருப்பது இரண்டு வெவ்வேறு நோய். அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: ஒன்று ஒரே இடத்தில் நிற்கிறது, மற்றது எங்கேயாவது அறுகிறது.

ஒரே இடம் என்றால், அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு பைட்டை வழியில் யாரோ விழுங்குகிறார்கள். டெல்நெட்டில் முதல் சந்தேகம் 255 என்ற மதிப்பின் மேல். டெல்நெட்டுக்கு அது கட்டளையின் தொடக்கம். தரவில் 255 வந்தால் அதை இரட்டித்து அனுப்ப வேண்டும், வாங்கும் பக்கம் ஒன்றாகச் சுருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வைஃபை மோடம் இரட்டிக்காமல் அனுப்பினால், அழைப்பவரின் டெர்மினல் அதைக் கட்டளை என்று நினைத்து அடுத்த பைட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாது. வாங்கும் பக்கம் அதே இடத்திலிருந்து மறுபடி கேட்கும், அதே 255 மறுபடி வரும், மறுபடி தப்பும். சில முறை சுற்றிவிட்டு இரு பக்கமும் கைவிட்டுவிடும். இசட்மோடம் 17, 19, 24 போன்ற சில பைட்டுகளைத் தானே மாறுவேடத்தில் அனுப்பும். ஆனால் 255 அந்தப் பட்டியலில் வழக்கமாக இல்லை. இசட்மோடம் டெல்நெட்டை மனதில் வைத்துச் செய்ததல்ல, டெலிநெட் என்ற பாக்கெட் வலையமைப்பு பணம் கொடுத்து எழுதவைத்தது. பெயர் ஒத்துப்போவதால் பலர் குழம்புகிறார்கள். ஆங்கில உரைக் கோப்பில் 255 இருக்காது, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது.

இதை உறுதி செய்ய எக்ஸ்மோடம் என்ற பழைய புரோட்டோகாலில் ஒரு பெரிய உரைக் கோப்பை அனுப்பிப் பாருங்கள். எக்ஸ்மோடம் ஒவ்வொரு 128 பைட் பிளாக்கின் தலையிலும் பிளாக் எண்ணையும், 255-இலிருந்து அந்த எண்ணைக் கழித்த மீதியையும் வைக்கும். ஆக, வெறும் உரையாக இருந்தாலும் கடைசியாக 255-ஆவது பிளாக்கிலாவது, அதாவது 32,512 பைட் போனதும், மாட்டிக்கொள்ளும். அதன் வாரிசான ஒய்மோடம் இன்னும் மோசம். அதன் முதல் பிளாக்கின் எண் சுழி (0), கழித்த மீதி 255. தொடங்கவே தொடங்காது. இந்த இரண்டு அறிகுறியும் தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மருந்து: டெல்நெட் மொழிபெயர்ப்பை ஒரே ஓர் இடத்தில் மட்டும் செய்யவிடுங்கள். டாஸில் ஓடும் டிஎஸ்இசட்டுக்கு டெல்நெட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் வைஃபை மோடத்தில்தான் டெல்நெட் முறையை இயக்க வேண்டும். பல வைஃபை மோடம்களில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, கையேட்டைப் பாருங்கள். பின்னாளில் சின்க்ரோநெட் போன்ற புதிய பிபிஎஸ் மென்பொருளுக்கு மாறினால், அதனோடு வரும் செக்ஸிஸ் என்ற பரிமாற்ற நிரல் (பெயருக்கு நான் பொறுப்பல்ல) டெல்நெட் வேலையைத் தானே செய்யும். அங்கேயும் இரண்டு பேர் இரட்டித்தால் கதை கந்தல். டெர்மினல் பக்கம் பைனரி முறை ஒப்புக்கொள்ளப்படுகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 13 என்ற பைட்டுக்குப் பின்னால் ஒரு சுழி ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, மோடம் நோடு. இங்கே தவறு நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் பைட் மதிப்பு காரணமல்ல, வேகமோ லைனோதான். முதலில் சீரியல் சிப். 115200 வேகத்தில் ஒரு எழுத்து சுமார் 87 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று வரும். பழைய 8250, 16450 சிப்புகளில் ஒரு எழுத்துக்குத்தான் இடம். டாஸ் வட்டில் எழுதப் போன அந்த நேரத்தில் அடுத்தது வந்தால் முந்தையது காலி. 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை உண்டு, அது போதும். சிப்பை மாற்ற முடியாவிட்டால் போர்ட் வேகத்தை 19200-க்கு இறக்குங்கள். அடுத்து ஃப்ளோ கன்ட்ரோல், அதாவது நிறுத்து, அனுப்பு என்று சைகை காட்டும் முறை: மோடம், ஃபாசில் டிரைவர் (நிரலுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் இடையிலான மென்பொருள்), பரிமாற்ற நிரல் மூன்றும் தனிக் கம்பிகளில் சைகை காட்டும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறையில் இருக்க வேண்டும். எங்காவது மென்பொருள் வழி எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப் ஒளிந்திருந்தால் எக்ஸ்மோடம் வழக்கமாக 17-ஆவது பிளாக்கில், 2 கிலோபைட் தாண்டியதும், நிற்கும். காரணம் முன்பு சொன்னதுதான், பிளாக் எண் 17 என்பதே எக்ஸ்-ஆன் சைகை, வழியில் விழுங்கப்படும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால் இணையத் தொலைபேசிதான். மனிதக் குரலுக்காகச் செய்த எல்லா வசதியும் மோடத்துக்கு விஷம். கோடெக் (குரலைக் குறியாக்கும் முறை) ஜி.711 மட்டும், மௌனத்தை வெட்டும் வசதி அணைப்பு, எதிரொலி நீக்கம் அணைப்பு, ஜிட்டர் பஃபர் (தாமத ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் இடைத்தேக்கம்) நிலையான அளவில். அப்புறம் மோடத்தை 9600 அல்லது 14400-க்கு மேல் ஏறாதபடி கட்டிவைத்து, வி.42 பிழைதிருத்தத்தை இயக்குங்கள். 33600-இல் இணைந்து பாதியில் விழுவதைவிட 9600-இல் முழுக் கோப்பு வந்து சேர்வது மேல்.

பராமரிப்பு என்று கேட்டால் உண்மையான வேலை பிபிஎஸ்ஸுக்கும் நிரலுக்கும் இடையிலான அந்தச் சின்ன பேட்ச் கோப்பில் (டாஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) இருக்கிறது. டிஎஸ்இசட் வேலை முடிந்ததும் டிஎஸ்இசட்லாக் என்ற சூழல் மாறி சுட்டும் கோப்பில் ஒரு வரி எழுதும். எத்தனை பைட், என்ன வேகம், எத்தனை பிழை, கோப்பின் பெயர் எல்லாம் அதில் உண்டு. பிபிஎஸ் அந்த வரியைப் படித்துத்தான் யாருக்கு எவ்வளவு வரவு வைப்பது என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் பேட்ச் கோப்பு பழைய பதிவை அழிக்க வேண்டும், ஒவ்வொரு நோடுக்கும் பதிவு தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய ஆள் ஏற்றிய கோப்புக்கு அடுத்த ஆள் பெயரில் வரவு விழும். அழிக்கும் முன் ஒரு பொதுப் பதிவில் சேர்த்துவையுங்கள். பிழை எண்ணிக்கை மெல்ல ஏறுவது அதில்தான் முதலில் தெரியும்.

டிஎஸ்இசட் சீரியல் சிப்பை நேரடியாகவே கையாளும். நிஜ போர்ட் இருக்கும் உங்கள் கணினிகளில் பிரச்சினையில்லை. ஆனால் நாளைக்கு விண்டோஸில் நெட்ஃபாஸ் என்ற ஃபாசில் டிரைவரைப் போட்டு ஓட்டினால் அங்கே சிப்பே கிடையாது. ஃபாசில் பேசத் தெரிந்த நிரல் வேண்டும். வேகமான கணினிக்கு மாறினால் டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய நிரல்கள் சில "ரன்டைம் எரர் 200" என்று தொடக்கத்திலேயே விழும். அது அவற்றில் உள்ள சிஆர்டி என்ற நூலகப் பகுதி கணினியின் வேகத்தை அளக்கும்போது நேரும் வகுத்தல் தவறு. அதற்குத் திருத்த ஒட்டுகள் கிடைக்கின்றன.

மெனுவைக் குறையுங்கள். இசட்மோடம் கட்டாயம். ஒய்மோடமும் எக்ஸ்மோடமும் கொமடோர், சிபி/எம் போன்ற பழைய கணினி அமைப்புகளில் இருக்கும் ஆட்களுக்காக. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் பிறந்த கெர்மிட்டை, யாராவது கேட்டால் மட்டும். எச்எஸ்-லிங்க், பைமோடம் இரண்டும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் கோப்பு அனுப்பும் அருமையான சாமான்கள்தான், ஆனால் எதிர்ப்பக்கம் யாரிடம் இருக்கிறது? அழைப்பவர் தப்பித் தவறி அழுத்தினால் நோடு தொங்கும், அவ்வளவுதான் பலன். எக்ஸ்மோடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரி மெனுவில் போடுங்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதால், போய்வர 200 மில்லிசெகண்டு ஆகும் இணைப்பில் நொடிக்கு 640 பைட்டைத் தாண்டாது, மோடம் எவ்வளவு வேகமாக இருந்தாலும்.

அப்லோடு பக்கம் இரண்டு விஷயம். வரும் கோப்பின் பெயரை அனுப்புகிறவர்தான் தீர்மானிக்கிறார், அதில் கோப்புறைப் பாதையையும் நுழைக்கலாம். அதனால் வெறும் தற்காலிகக் கோப்புறையில் வாங்கி, சோதித்த பிறகே இடம் மாற்றுங்கள். இசட்மோடத்தில் எதிர்ப்பக்கக் கணினியில் கட்டளை ஓட்டும் வசதிகூட இருக்கிறது. லினக்ஸில் எல்ஆர்இசட்எஸ்இசட் என்ற இசட்மோடம் நிரலைப் பயன்படுத்தும் நாள் வந்தால் அந்தத் தேர்வை இயக்காதீர்கள், கட்டுப்பாட்டு முறையை இயக்குங்கள். அதன் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பான 0.12.20-இல் 2018-இல் ஒரு தகவல் கசிவு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் சேர்த்த பொதியாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. அறுந்த அப்லோடைத் தொடர்வது நல்லதுதான். ஆனால் நேற்று பாதி வந்த கோப்பும் இன்று அதே பெயரில் வரும் புதிய பதிப்பும் ஒட்டிக்கொண்டால், சிஆர்சி எல்லாம் சரியாகவே இருக்கும், ஜிப் மட்டும் திறக்காது. அரைகுறைக் கோப்புகளை அழைப்பவர் வாரியாகத் தனியே ஒதுக்கி, வேறொருவர் அதே பெயரில் ஏற்றும்போது புதிதாகத் தொடங்கும்படி பேட்ச் கோப்பில் எழுதிவிடுங்கள்.