பனியின் மேல் பழிபோட முடியுமா?

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் வீட்டின் மேல்தட்டுக்குக் கடந்த ஜனவரியில் கொங்கிறீட் போட்டார்கள். அந்த வாரம் விடியற்காலைகளில் உறைபனி விழுந்தது, எதையும் மூடவில்லை. பத்தாம் நாள் தட்டைத் தாங்கிய முட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். இப்போது மேற்பரப்பு தூளாக உதிர்கிறது, வெடிப்புகளில் நீர் கசிகிறது. "பனி கடவுள் செயல்" என்கிறார் ஒப்பந்தக்காரர். காணி அம்மாவின் பெயரில் இருப்பதால் நான் வழக்குப் போட முடியாதாம். மீதி மூன்று இலட்சத்தையும் கேட்கிறார். கையெழுத்திட்ட மதிப்பீட்டுத்தாள் மட்டுமே என்னிடம் உள்ளது.

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தட்டின் கீழ் யாரையும் படுக்கவிடாதீர்கள். ஒரு பொறியியலாளரின் மேற்பார்வையில் தட்டுக்குத் திரும்பவும் முட்டுக் கொடுங்கள். வழக்கு அதற்குப் பிறகுதான்.

எவரும் முன்கூட்டி எதிர்பார்த்துத் தவிர்க்க முடியாத நிகழ்வையே சட்டம் கடவுள் செயலாக ஏற்கும். ஜனவரி, பெப்ரவரியில் பனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. இங்கே தொழில் செய்பவருக்குப் பனி புதிதன்று. சாக்கும் தறப்பாளும் போட்டு மூடுவது அவர் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது.

ஆனால் பனிதான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். இறுகாத கொங்கிறீட்டின் மேற்பரப்பு அதனால் சிதையும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். தெளிந்த வானமுள்ள இரவில் காற்றைவிடத் தட்டின் மேற்பரப்பு அதிகம் குளிர்ந்துவிடும் என்பதே அதற்குப் பதில். அதே நாட்களின் பகல் வெயிலும் வறண்ட காற்றும் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்கும். கலவையில் தண்ணீரைக் கூட்டினாலும் வலு குறையும். என் சந்தேகமெல்லாம் அந்தப் பத்தாம் நாளின் மேல்தான். குளிரில் சீமெந்து மெதுவாகவே வலுப்பெறும். கொழும்புக் கணக்கில் இங்கே முட்டைக் கழற்றக்கூடாது. எது உண்மை என்பதை, தட்டில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்கும் பட்டயப் பொறியியலாளரே சொல்ல வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி நிபுணரின் கருத்து நீதிமன்றத்தில் செல்லும். வளிமண்டலவியல் திணைக்களத்திடம் அந்த வாரத்து வெப்பநிலைப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

காணி யார் பெயரில் இருந்தால் என்ன, ஒப்பந்தம் உங்களோடு. பணம் கொடுத்ததும் நீங்கள். காணி உறுதிப்பத்திரம் இல்லை என்று சொல்லி மலையக மக்களை எத்தனை பேர் இப்படி வாயடைத்திருக்கிறார்கள்! அதற்கு அஞ்சாதீர்கள்.

மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். வேலையை ஒழுங்காக முடிக்காதவர் முழுக்கூலி கேட்க முடியாது. ஆயினும் நீங்கள் குடியேறிப் பயன்படுத்தினால், திருத்தும் செலவைக் கழித்து எஞ்சியதைக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம்.

அந்த மதிப்பீட்டுத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்து ஒப்பந்தமாக அது ஏற்கப்பட்டால் வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு; வாய்ப்பேச்சு என்றால் 3 ஆண்டுகளே. இந்தக் காலம் ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஓடும் என்பதால் 3 ஆண்டுகளையே கணக்கில் வையுங்கள். கோரும் தொகையைப் பொறுத்து, மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்பாக மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

"நானே பூசித் தருகிறேன்" என்று அவர் ஆட்களை அனுப்பினால், மாதிரி எடுத்து, படமும் பிடித்து முடியும்வரை மேலே ஏறவிடாதீர்கள்.