டீச்சரைக் கேளுங்கள்: இளைத்தபின் வந்த மரியாதை

கேள்வி: டீச்சர், எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் 112 கிலோ இருந்தேன். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது 69. பத்து வருடமாக என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத மேலாளர், கூட்டத்தில் என் அபிப்பிராயம் கேட்கிறார். கட்டிங் மாஸ்டர் நாற்காலி எடுத்துப் போடுகிறார். நாத்தனார், ‘இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய்’ என்கிறார். எல்லோரும் நல்லபடியாகத்தான் பழகுகிறார்கள். எனக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது. நான் நன்றி கெட்டவளா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: இல்லை அம்மா. அந்தக் கோபத்தை நான் நன்றாக அறிவேன். அதன் எடை மட்டும் எனக்கு இன்னும் குறையவில்லை.

நான் 104 கிலோவிலிருந்து 67க்கு வந்தவள். எனக்கு அறுவை சிகிச்சை இல்லை. முழங்கால் வலி, மருத்துவரின் அதட்டல், மகாமகக் குளத்தைச் சுற்றி விடியற்காலை நடை, இரவுச் சாப்பாட்டில் பாதி. மூன்று வருடம் பிடித்தது. முன்பெல்லாம் டவுன் பஸ்ஸில் இருவர் இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்து இடம் கும்பகோணம் வரும்வரை காலியாகவே வரும். நிற்கிறவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொள்வார்கள். இப்போது உட்கார்ந்த நிமிடமே யாராவது ஓர் அம்மாள் வந்து, ‘கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பூக்கூடையையும் என் மடியில் வைத்துவிடுகிறார். முதல் தடவை அப்படி நடந்தபோது கண் கலங்கியது. சந்தோஷத்தாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் உட்காருவேன். சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்ப்பதற்குள் ஒரு பொடியன், ‘டீச்சருக்கு இரண்டு நாற்காலி!’ என்று கத்திவிடுவான். பந்தியில் ஜாங்கிரி வைக்கிறவர் என் இலைக்கு வந்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஜாங்கிரியோடு அதையும் சேர்த்து விழுங்க வேண்டும். இன்றைக்கு அதே பந்தியில், ‘டீச்சருக்கு இன்னொன்று வையுங்கள், பாவம், இளைத்துவிட்டார்’ என்று பக்கத்து இலையிலிருந்து சிபாரிசு வருகிறது.

பள்ளிக்கூடத்துக் கதை இதைவிட மோசம். ஆண்டு விழாவுக்கு வரவேற்புரையை எழுதுவது நான். மேடையேறிப் படிப்பது வேறொரு ஆசிரியை. வருடா வருடம் இப்படித்தான். எடை இறங்கிய பிறகு வந்த விழாவில் மைக் என் கைக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் என் தமிழ் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

உங்கள் மேலாளர் சங்கதியும் அதுதான். 112 கிலோவிலும் உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். அலட்சியப்படுத்தப்பட்ட காலத்தில், ‘எல்லாம் நம் மனப்பிரமையோ’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவாவது இடம் இருந்தது. மரியாதை வந்து அந்த இடத்தையும் பிடுங்கிக்கொண்டது. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் மேலாளர் கேட்டால் பதில் சொல்லுங்கள். கையோடு சம்பள உயர்வையும் கேளுங்கள். பத்து வருடப் பாக்கி. நாத்தனாரிடம், ‘அண்ணி, அப்போது இருந்ததும் நான்தான்’ என்று சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். என் ஓரகத்தியிடம் நான் சொன்னேன். இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு தூக்கு நிறைய முறுக்கு வந்தது.

இன்னொன்று. அன்றும் இன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் என் தையல்காரர். அளவெடுத்தால் உதவியாளிடம் உரக்கச் சொல்லி எழுதச் சொல்வதுதான் கடை வழக்கம். என் அளவை மட்டும் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தானே நோட்டில் குறித்துக்கொள்வார். இப்போதும் அப்படித்தான். ‘இளைத்துவிட்டீர்களே’ என்றுகூட அவர் கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பக்கத்தில் என் பழைய உருவத்தில் ஒரு பெண். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாபநாசம் வந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. போய் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலோடு ஒட்டி ஒடுங்கிக்கொண்டாள். அந்த ஒடுக்கம் எனக்கு மனப்பாடம்.

கேள்வி: ஆறு மாதத்தில் 22 கிலோ குறைத்தேன். எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ‘சுகரா?’ என்கிறார்கள். ‘வீட்டில் சோறு போடுவதில்லையா?’ என்று மனைவியை வேறு கேட்கிறார்கள். போதாததற்கு முடியும் கொட்டுகிறது.
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: நம் ஊரில் ‘இளைத்துவிட்டாய்’ என்பது பாராட்டாகவும் இருக்கும், துக்கம் விசாரிப்பதாகவும் இருக்கும். ஆணிடம் பெரும்பாலும் இரண்டாவது. ‘நானாகத்தான் குறைத்தேன்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் மனைவிக்குத்தான் என் அனுதாபம்.

முடி விஷயம்: எடை வேகமாக இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நின்று, திரும்ப வளர்ந்துவிடும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தாலும் கொட்டும். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மீனை விடலாமா? ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். (திருப்பூர்க்காரருக்கும் ஒரு வார்த்தை: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த பி12 முதலிய சத்து மாத்திரைகளை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடக் கூடாது.) ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரானால், அது பழைய உடம்புக்கு எழுதிய அளவு. தலை சுற்றினால் மருத்துவரிடம் போய் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: 18 கிலோ குறைந்ததில் வளையல் கையைவிட்டுக் கழன்று விழுகிறது. மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறேன். அழித்துச் செய்துவிடலாமா?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: பொறுங்கள். செய்கூலி, சேதாரம் என்று நகைக்கடையில் போகிற பவுன் திரும்பி வராது. கிலோ திரும்பி வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை. பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை, ஓராண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அப்போதும் பழைய அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. இழந்ததைத் திரும்பக் கேட்டு உடம்பு அவ்வளவு நாள் நச்சரிக்கிறது. ஆகவே திரும்பவும் ஒரு கிலோ ஏறினால் உங்கள் மன உறுதியைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

வளையலைக் கழற்றி வையுங்கள். ரவிக்கையைப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே மடிந்திருக்கும் துணியை வெட்ட விடாதீர்கள். என் மோதிரம் நான்காவது வருடமாக நூலோடுதான் இருக்கிறது. நூல் அழுக்கானால் மாற்றிச் சுற்றிக்கொள்கிறேன்.